முன்பெட்டியில் ஒரு நனைந்த ஜாக்கெட்

என் பிரியத்துக்குரிய அத்திம்பேருக்கு,

வலியசாலையிலிருந்து கிட்டு எழுதிக்கொள்வது. உங்கள் ஆப்திகம், முதல் வருஷத் திவசம், நல்லபடியாக நடந்தது. உங்கள் பெண் உமாவும் மாப்பிள்ளையும் குழந்தை தாராவும் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டு, போன திங்கட்கிழமை விமானம் ஏறினார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அக்கா உள்ளே ஏதோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். நான் உங்கள் மேஜையில் உட்கார்ந்து, உங்கள் பேனாவாலேயே இதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கும்படி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். யாருக்கும் கேட்காமல் உங்கள் காதருகில் சொன்னேன். அதை வாபஸ் வாங்குவதையாவது நாலு பேர் கேட்க வாங்குகிறேன். தவிர, இதைப் படிப்பவர்களில் யாராவது ஒரு சின்னப் படகு வைத்திருக்கலாம். அவர்கள் இன்றைக்கே போய் அதன் மூலைமுடுக்கில் கை விட்டுப் பார்க்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் அக்கா ஜானகியின் கணவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஊராரின் விபத்துகளையெல்லாம் காகிதத்தில் படித்துப் படித்தே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆனதும் தெருவில் மற்றவர்கள் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் டிக்கெட் போட்டபோது நீங்கள் ஒரு ஃபைபர் படகை வாங்கி வெள்ளாயணிக் காயல் என்கிற ஏரியின் கரையில் கொண்டுபோய் வைத்தீர்கள். ஆறு பேர் உட்காரலாம். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அது நின்றுபோனால் இரண்டு துடுப்பு. அதில் ஒன்று ஒடிந்தால் மூன்றாவதாக இன்னொன்று. தெருவே சிரித்தது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

உங்கள் படகில் ஏறுவதற்கே அரை மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட்டுகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தீர்கள். ஏறும் ஆட்களைவிட ஒரு ஜாக்கெட் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் மக்கைக் கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் முதலில் அதுதான் மிதந்து போகும் என்பீர்கள். கயிறு வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு என்னை நாலு தடவை அலைய விட்டீர்கள். கடைக்காரர் கடைசியில் என்னைப் பார்த்ததுமே, "அந்தக் கயித்தை இழுத்து இழுத்துப் பாக்கற சாமிக்குத்தானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கரையில் டீக்கடை வைத்திருக்கும் லீலா சேச்சியின் சிலேட்டு. எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டை அவிழ்ப்பீர்கள். அவள் தலையை எண்ணி சிலேட்டில் எழுதிக்கொள்வாள். சொன்ன நேரத்துக்கு அரை மணி கழிந்தும் வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாளும் அதற்கு வேலை வைத்ததில்லை.

நீங்கள் வாயால் ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள், நான் கையால் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில் சேராது. "கை வெச்சுப் பாத்தயோ?" இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள்! கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் சூடாக இருக்கிறது என்றால்கூட என்னிடம் அதைத்தான் கேட்டீர்கள்.

இனி அந்தப் பொய்.

போன வருஷம் ஆவணியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாவது வாரம், பேட்டரி படுத்துவிடப் போகிறது, ஒரு தடவை ஓட்டிவிட்டு வா என்று என்னை அனுப்பினீர்கள். நான் தனியாகப் போனேன். திரும்பி வரும்போது ஃபோனில் உமாவுக்கு ஏதோ பதில் அடித்துக்கொண்டே வந்தேன். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த பழைய படித்துறையின் கருங்கல் படியில் படகின் மூக்கு போய் இடித்தது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கரையேறிக் குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. இதெல்லாம் ஒரு அடியா என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது கேட்டீர்கள்.

"போட்டுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லை அத்திம்பேர். நன்னா ஓடித்து."

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொய் சொல்லும்போது வலது காதைத் தொடுவது என் சின்ன வயசுப் பழக்கம் என்று அக்கா சொல்வாள். அன்று தொட்டேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, ஃபோனை எடுத்துத் தரச் சொன்னீர்கள். நான் கிளம்பி வீட்டுக்கு வரும் வழியில் உங்களிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நான் பதில் சொல்வதற்காகச் சற்றுச் சும்மா இருந்தீர்கள். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரி லிஃப்டின் மணி கேட்கும், யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள், உங்கள் மூச்சு கேட்கும். எல்லாம் முடிந்ததும் "சரி, ஏறு" என்றீர்கள். "நான் இல்லாவிட்டாலும் இதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கட்டை அவிழ்க்க வேண்டும்" என்று கீழே எழுதியும் அனுப்பியிருந்தீர்கள். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை எடுத்தேன். அக்காதான் சொன்னாள், அவர் ஆசையாய் வைத்திருந்தது மக்கிப்போக வேண்டாம் என்று. உங்கள் செய்தியைப் போட்டேன். யாருமில்லாத கரையில் நின்றுகொண்டு, செத்துப்போனவரின் கேள்விக்கு "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்வது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் அடுத்ததைக் கேட்டீர்கள். கொஞ்சம் தாமதித்துச் சொன்னால் நீங்களும் தாமதித்தது போல எனக்குத் தோன்றியது. பதிவு செய்தது பதிவு செய்தபடி ஓடும் என்று தெரியாதவன் இல்லை நான். இருந்தாலும் முதுகில் சில்லென்றது.

தாமரைப் பாத்தி வரை போய்விட்டுத் திரும்பும்போது கயிறு எடுக்க முன்பெட்டியைத் திறந்தேன். படகின் மூக்குப் பக்கம் பலகைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியில்தான் உங்கள் ஜாக்கெட் இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய அளவு, முதுகில் "கேப்டன்" என்று எழுதியது. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மழை இல்லை, படகுக்குள் அலை ஏறவும் இல்லை. பெட்டிக்கு மூடியும் இருந்தது. யாரோ போட்டுக்கொண்டு நீந்தி வந்து கழற்றி வைத்தது போல இருந்தது. நான் அதை எடுத்து, காயட்டும் என்று முன்பலகையில் விரித்து வைத்துவிட்டுக் கரைக்கு வந்தேன்.

லீலா சேச்சி சிலேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மற்ற ஆள் எங்கே சாரே?"

"எந்த ஆள்?"

"நிங்ஙள் ரெண்டு பேரல்லே வந்தது? முன்னாடி ஒருத்தர் இருந்தாரே."

விரித்து வைத்த ஜாக்கெட்டைத் தூரத்திலிருந்து பார்த்து ஆளென்று நினைத்திருக்கிறாள். அதை எடுத்துக் காட்டினேன், இருவரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் முன்னதாகவே சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பத்து நாள் காரியத்தில் கல்லை நட்டு, துணியை நனைத்து நனைத்து மாப்பிள்ளை அதன் மேல் பிழிந்தாரே, போனவருடைய தாகம் தணியட்டும் என்று. அந்த ஈரத் துணிதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அவர் வந்துட்டுப் போறார்டா," என்றாள். "நீ அதை உலர்த்தாதே. பெட்டியிலேயே இருக்கட்டும். இனிமே அதுல கை போடாதே, கேட்டயோ?"

உங்கள் காரியம் முடிந்த பிறகு அன்றுதான் அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன். வேறு எந்த ஆறுதலும் அவளிடம் எடுபடவில்லை. அதனால் சரி என்று தலையாட்டினேன்.

அப்புறம் இதுவே வாடிக்கையாகிவிட்டது. ஞாயிறு தோறும் நான் படகை எடுப்பேன். திரும்பி வந்து மூடியைத் தூக்கி இரண்டு விரலால் மட்டும் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து மூடிவிடுவேன். ஒவ்வொரு வாரமும் ஈரம். வீட்டு வாசலில் அக்கா நிற்பாள்.

"நனைஞ்சிருந்ததோ?"

"நனைஞ்சிருந்தது."

அன்று மட்டும் அவள் வயிறாரச் சாப்பிடுவாள். நான் போகும்போது உங்களிடம் சொல்லச் சொல்லி வார்த்தைகளும் கொடுத்து அனுப்பினாள். உமாவுக்கு இடுப்புவலி, மாமரம் காய்க்கவில்லை, பின்கட்டுக் குழாய் ரிப்பேர். நான் நடுக்காயலில் மோட்டாரை நிறுத்திவிட்டு முன்பெட்டியைப் பார்த்து இதையெல்லாம் சொல்லுவேன். படகு லேசாக ஆடும். மூடிக்குள்ளிருந்து "களக்" என்று ஒரு சத்தம் வரும், யாரோ தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல. ஆனாலும் சொல்லி முடிப்பேன்.

சித்திரையில் காற்றே இல்லாத ஒரு ஞாயிறு ஜாக்கெட் காய்ந்திருந்தது. இல்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் இலைமுன் உட்கார்ந்து மோர்சாதம் வரை வெறுமே பிசைந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரமும் காய்ந்திருந்தது. அன்று நானே ஒரு மக் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினேன். இதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து காற்று பிடித்தது, பழையபடி தானாகவே நனைந்தது.

உங்கள் செய்தியின் கடைசிக் கேள்வி இதுதான்: "முன்னாடி பெட்டி. அடி வரைக்கும் கை வெச்சுப் பாத்தயோ?" அதற்கு வாரா வாரம் "ஆச்சு" என்று சொன்னேன். இரண்டு விரல் வைத்ததைக் கை வைத்தது என்று கணக்குக் காட்டினேன். அக்கா கை போடாதே என்றாள், நீங்கள் போடு என்றீர்கள். செத்தவரைவிட உயிரோடு இருப்பவருக்குப் பயப்படுவதுதான் சௌகரியமாக இருந்தது.

உமா வந்தாள். உங்கள் பேத்தியைப் படகில் ஏற்றித் தாமரை காட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆப்திகம் முடிந்த ஞாயிறு எல்லோரும் கிளம்பினோம். அக்கா, உமா, மாப்பிள்ளை, தாரா, நான் என்று ஐந்து பேர். தாராவுக்கு மூன்று வயதில் நீங்கள் வாங்கி வைத்த குட்டி ஜாக்கெட் ஐந்து வயதில்தான் அவளுக்குச் சரியாக இருக்கிறது. வளரும் பிள்ளை என்று பெரிதாக வாங்கியிருக்கிறீர்கள், கெட்டிக்காரர்தான்.

படகு பலகைத் துறையில் மிதந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை முதலில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான் தாராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் ஃபோனை எடுத்தேன். உமா வாங்கி வந்த புது ஃபோன் அது. முந்தின நாள்தான் மாப்பிள்ளை பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக் கொடுத்திருந்தார். உங்கள் செய்தியைப் போட்டேன்.

"ஜாக்கெட் எல்லாத்தோட பக்கிளையும் இழுத்துப் பாத்தயோ?"

உமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாரா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தாத்தா எங்கேர்ந்து பேசறார்?"

ஃபோனைப் பார்த்து நான் "ஆச்சு" என்றேன். துடுப்பு ஆச்சு, பேட்டரி ஒயர் ஆச்சு, இறைக்கிற மக் ஆச்சு, விசில் ஆச்சு, லீலாவிடம் சொன்னதும் ஆச்சு. கடைசியாக அது வந்தது.

"முன்னாடி பெட்டி. அடி வரைக்கும் கை வெச்சுப் பாத்தயோ?"

"ஆச்சு," என்றேன்.

"சரி, ஏறு" வரவில்லை.

லிஃப்ட் மணி கேட்டது. தள்ளுவண்டி போயிற்று. அப்புறம் உங்கள் மூச்சு. அப்புறம் அதுவும் இல்லை. ஃபோனைத் தட்டினேன், மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டேன். அதே கேள்விகள், அதே இடம், அதே மௌனம். காயலில் ஒரு நீர்க்காகம்கூட அசையவில்லை. புது ஃபோனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தாத்தா வெயிட் பண்றார்," என்றாள் தாரா.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வலது கை காதில் இருந்தது, அத்திம்பேர். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"கிட்டு, நீ கை வெச்சயோ?"

"நீதானே அக்கா கை போடாதேன்னே?"

நான் துறைப் பலகையில் மண்டியிட்டு மூடியைத் திறந்தேன். அந்த முதல் ஞாயிற்றுக்குப் பிறகு இப்போதுதான் உங்கள் ஜாக்கெட்டை முழுசாக வெளியே எடுத்துப் போட்டேன். அடிவரை கை விட்டேன். முழங்கை வரை தண்ணீர் ஏறியது. அந்தத் தண்ணீருக்குள் விரலால் துழாவினேன். படகின் தோலில் ஒரு பிளவு. விரல் நகம் நுழைகிற அளவுதான். அதன் வழியாக வெளியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் விரல் நுனியில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்ததால் மூக்கு தாழ்ந்து, நான் கை வைத்திருக்கும்போதே தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே படியில் இடித்த இடம் அது.

மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினேன். தாரா வீறிட்டு அழுதாள். உமா அவளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அக்கா லீலாவின் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் அவள் எதிரில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடித்ததை, ஆஸ்பத்திரியில் மறைத்ததை, ஒரு மக் தண்ணீர் ஊற்றியதை எல்லாம்.

"தண்ணி ஊத்தினது தெரியும்," என்றாள். "அன்னிக்கும் காதைத் தொட்டே."

காயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ ஒரு வருஷமா ஒரு ஓட்டையோடயாடா பேசிண்டிருந்தேன்?"

லீலா சேச்சி சிலேட்டில் எழுதியிருந்த ஐந்தை ஈரத் துணியால் துடைத்தாள். அக்கா அதன் பிறகு ஆறு நாள் என்னோடு பேசவில்லை. சாதத்தைத் தட்டில் போட்டு என் முன்னால் வைப்பாள், போய்விடுவாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

விழிஞ்ஞத்திலிருந்து ஃபைபர் வேலை செய்கிற ஸ்டீபனைக் கூட்டிவந்தேன். கன்னியாகுமரிப் பக்கத்து ஆள். படகைக் கவிழ்த்துப் போட்டு, கீறலைத் தேய்த்துத் திறந்து காட்டினார். வெளியே விரல் நீளம், உள்ளே ஒரு சாண்.

"ஒத்த ஆளு பின்னால இருந்து ஓட்டினா மூக்கு மேல நிக்கும் சாரே. தண்ணி சும்மா தெறிச்சுத்தான் உள்ள ஏறும். கரையில இழுத்துப் போட்டா பின்பக்கமா வடிஞ்சு போவும், உங்களுக்குத் தெரியாது. அஞ்சு பேரு ஏறியிருந்தா இது தண்ணிக்கு அடியில போயிருக்கும். பாதிக் காயல் தூரம் எத்தும்முன்ன முன்பக்கம் முங்கியிருக்கும், கேட்டியளா? பிள்ளை எங்க இருந்திருக்கும்?"

பிள்ளை முன்னால்தான் இருந்திருக்கும். தாமரை பார்க்க வசதியாக அப்பா மடியில், உங்கள் ஜாக்கெட்டுக்கு நேர் மேலே. நான் ஸ்டீபனை விட்டு அந்தப் பக்கமாகப் போய் நின்றுவிட்டு வந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் உங்கள் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். படகுக் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருப்பீர்களே, அது. ஜாக்கெட், துடுப்பு, ஒயர், மக், விசில், லீலா. அதோடு முடிகிறது. முன்பெட்டியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. யோசித்துப் பார்த்தால், கரையில் நின்றுகொண்டு நீங்கள் அதைக் கேட்டதாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் பொய் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அதைச் சேர்த்திருக்கிறீர்கள். என் காதைப் பார்த்தா? சரி, பொய் என்று தெரிந்தது. இடித்த இடம் எது என்று எப்படித் தெரிந்தது, அத்திம்பேர்?

பூச்சு இரண்டு நாளில் இறுகிவிட்டது. அவர்கள் ஊருக்குக் கிளம்ப ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம். சனிக்கிழமை காலை நான் மட்டும் போய் முன்பலகையில் நாலு மணல் மூட்டையை அடுக்கி, பெட்டியின் அடியில் செய்தித்தாளைப் பரப்பி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். திரும்பி வந்து எடுத்தபோது தாள் மொடமொடவென்று இருந்தது. ஜாக்கெட்டும் எலும்பு போல உலர்ந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் காய்ந்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இரண்டாம் தடவை உங்களை அனுப்பி வைத்தது போல இருந்தது.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். அந்த ஆறு நாளில் முதல் வார்த்தை.

"நனைஞ்சிருந்ததோ?"

இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சொன்னேன். "இல்லை அக்கா. காஞ்சிருந்தது."

அவள் தலையை அசைத்துக்கொண்டு உள்ளே போனாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

மறுநாள் காலை கரையில் அவள்தான் முன்பெட்டியைத் திறந்தாள். உங்கள் ஜாக்கெட்டை எடுத்து மோந்து பார்த்து, மடிசார்க் கட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டாள். முட்டி வரை தொங்கியது. உமா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அவளை அப்படியே விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது வேறாயிற்றே.

"அக்கா, அது உனக்குத் தொளதொளன்னு இருக்கு. தண்ணில விழுந்தா தலை வழியாக் கழண்டுண்டு போயிடும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அப்போ நீ போட்டுக்கோ. உனக்குத்தான் அவர் வயிறு வந்தாச்சே."

போட்டுக்கொண்டேன். பக்கிளை இழுத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது, அத்திம்பேர், ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. லீலா சேச்சி எண்ணினாள். என் முதுகில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை எண்ணினாள். ஐந்து என்றே எழுதினாள்.

ஃபோனை எடுத்தேன். உங்கள் செய்தியை நான் அந்த வாரம் முழுக்க, சனிக்கிழமை ஓட்டியபோதுகூட, போடவில்லை. மாற்றும்போது செய்தியின் வால் அறுந்துபோயிருக்கும், சில நேரம் அப்படி ஆகும் மாமா, இனிமேல் ஒன்றும் பண்ண முடியாது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அறுந்தால் அறுந்தது, கேள்விகள் வரை கேட்போம் என்றுதான் போட்டேன். எல்லாவற்றுக்கும் கை வைத்துப் பதில் சொன்னேன். கடைசிக் கேள்வி வந்ததும் மண்டியிட்டுக் கையை அடிவரை விட்டேன். காய்ந்திருந்தது. புதுப்பூச்சு சொரசொரவென்று விரலில் பட்டது. கையை எடுக்காமலே சொன்னேன்.

"ஆச்சு, அத்திம்பேர்."

லிஃப்ட் மணி. தள்ளுவண்டி. உங்கள் மூச்சு. நாங்கள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாரா அக்காவின் விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"சரி, ஏறு."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. "கேட்டாச்சோல்லியோ, ஏறுங்கோ," என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் படகில் காலை வைத்தாள்.

தாரா தாமரையைப் பார்த்தாள். பறிக்கக் கூடாது என்றதற்கு ஏன் என்று பதினைந்து தடவை கேட்டாள், உங்கள் பேத்தி வேறெப்படி இருப்பாள்? சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாகவே கரைக்கு வந்துவிட்டோம்.

ஒரு சத்தியம் பண்ணிக்கொடுக்கிறேன். இனி என் வாயிலிருந்து "ஆச்சு" என்ற சொல் வந்தால், அதற்கு முன்பே என் கை அந்த இடத்துக்குப் போய் வந்திருக்கும். படகில் மட்டுமில்லை, அக்கா விஷயத்திலும் அப்படித்தான். ஞாயிறு தோறும் அவளும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டியதை இனி அவளே சொல்லிக்கொள்வாள். பெட்டியிலிருந்து சத்தம் ஒன்றும் வராது, அதற்கு நான் பொறுப்பு. வந்தால், முதலில் கை விட்டுப் பார்ப்பேன். கை காய்ந்தே திரும்பினால், அப்போது இருவருமாக உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்போம்.

உங்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரியும்,
உங்கள் ஒரே மச்சினன்,
கிட்டு